மருந்தை வென்ற காய்ச்சல்

சிந்து நதிக் கரையில் ஹைதராபாத் என்னும் பெயருடைய நகரம் ஒன்று உண்டு. தெலுங்கானத்து ஹைதராபாத்தை அறிந்த நம் அங்கத்தினர்களில் பலர், பாகிஸ்தானத்தின் சிந்து மாகாணத்தில் உள்ள இந்த ஹைதராபாத்தைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கண்ணாடி வளையலுக்குப் பேர் பெற்ற ஊர் அது. 2016ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அந்நகரத்துக் குழந்தைகள் சிலருக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் நாளுக்கு நாள் ஏறிற்று. வழக்கமான மாத்திரை கேட்கவில்லை. ஊசி போட்டார்கள், அதுவும் கேட்கவில்லை. கராச்சியிலுள்ள ஆகா கான் பல்கலைக் கழகத்தின் சோதனைச்சாலையில் அவர்களுடைய இரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. டைபாய்டுக் கிருமிதான், ஆனால் டைபாய்டுக்கு என்று வைத்தியர்கள் கையில் வைத்திருந்த ஐந்து வகை மருந்துகளில் எதற்கும் அது சாகவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2016 நவம்பர் முதல் 2018 டிசம்பர் முற்பகுதி வரையில் சிந்து மாகாணத்தில் பதிவான டைபாய்டு நோயாளிகள் 8,188 பேர். அவர்களில் 5,274 பேருக்கு வந்தது இந்த அடங்காத வகை. வாய்வழி கொடுக்கத் தக்கதாக அவர்களுக்கு மிஞ்சியிருந்தது அசித்ரோமைசின் என்ற ஒரே மாத்திரைதான். அது தவறினால் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து நரம்பு வழியாக ஏற்றும், விலை மிகுந்த மருந்துகளே கதி.

இச்செய்தி நெசவாளர்களும் விவசாயிகளும் படிக்கும் ஒரு சஞ்சிகையில் எதற்கு என்று நேயர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. நெசவாளர் குடும்பத்தில் ஒருவர் மூன்று வாரம் படுத்தால் தறி நின்றுவிடுகிறது, பூட்டிய பாவு அப்படியே காத்துக் கிடக்கிறது. குடியானவர் படுத்தால் முறைத் தண்ணீர் தவறிப் போகிறது. இந்த நஷ்டத்தை எந்தச் சங்கத்தின் கணக்குப் புத்தகமும் காட்டாது. அன்றியும், அந்தக் காய்ச்சல் உண்டானதிலும் தணிந்ததிலும் குழாய், வாய்க்கால், கீரைப் பாத்தி, மருந்துக் கடை ஆகியவை கலந்திருக்கின்றன. இவையெல்லாம் நம் ஊரிலும் உள்ளவை.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது. நம் வீடுகளில் ‘விஷக் காய்ச்சல்’ என்று பொதுவாகச் சொல்லிவிடும் காய்ச்சல்களுள் டைபாய்டும் ஒன்று. சால்மொனெல்லா என்னும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்த கிருமி இதற்குக் காரணம். அக்குடும்பத்தில் 2,500க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றுள் பல கோழியிடத்தும் மாட்டினிடத்தும் வாழ்பவை. டைபாய்டை உண்டாக்கும் வகையோ மனிதரிடத்து மட்டுமே வாழ்வது. கெட்ட நீரிலோ உணவிலோ கலந்து வாய்வழியே உட்புகுந்து, குடற்சுவரைத் துளைத்து, கல்லீரலிலும் மண்ணீரலிலும் எலும்பு மச்சையிலும் தங்கிப் பெருகும். ஓரிரு வாரங்கள் கழித்தே காய்ச்சல் காட்டும். கவனியாது விட்டால் மூன்றாம் வாரத்தில் குடலில் புண் உண்டாகி ஓட்டை விழுதலும் உண்டு. குணமானவர்களில் சிலருடைய பித்தப்பையில் கிருமி பல ஆண்டுகள் சுகமாகக் குடியிருக்கும். அவர்களுக்கு ஒரு நோவும் இராது. நியூயார்க்கில் சமையல் வேலை செய்த மேரி மாலன் என்ற பெண்மணியை 1907இல் அவ்வாறு கண்டுபிடித்தார்கள். பாவம், தன் உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று அவர் கடைசிவரை வாதாடினார்.

மனிதரிடத்து மட்டுமே வாழும் கிருமி என்ற ஒன்றை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். ஒருவருடைய மலம் மற்றொருவருடைய வாய்க்குப் போகும் பாதை எங்கே திறந்திருக்கிறதோ அங்கே இந்நோய் இருக்கும். அப்பாதை அடைபட்டால் கிருமிக்குப் போக்கிடம் இல்லை.

இனி மருந்தின் கதை. 1948இல் கோலாலம்பூரில் அமெரிக்க வைத்தியர் குழு ஒன்று, உண்ணிக் காய்ச்சலுக்குக் குளோராம்பெனிகால் என்ற புது மருந்தைக் கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தது. வெனிசூலா நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுத்த மருந்து அது. உண்ணிக் காய்ச்சல் என்று எண்ணி மருந்து கொடுக்கப்பட்டவர்களில் சிலருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு என்று பின்னர் தெரிந்தது. அவர்களோ சில நாட்களில் தேறிவிட்டார்கள்! தவறாகக் கொடுத்த மருந்து சரியாக வேலை செய்த அதிசயம் வைத்திய சாஸ்திரத்தில் அடிக்கடி நிகழ்வதில்லை. அதுவரையில் டைபாய்டு கண்ட நூறு பேரில் பத்து முதல் இருபது பேர் வரை இறந்தார்கள். பிழைத்தவர்களும் ஒரு மாதம் கிடையாய்க் கிடந்தார்கள். மருந்து வந்த பின் சாவு நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கிற்று. மலிவான மருந்து, மாத்திரையாக விழுங்கலாம். ஒரு தலைமுறை நிம்மதியாக மூச்சு விட்டது.

அந்த நிம்மதி கால் நூற்றாண்டு கூட நீடிக்கவில்லை. 1972இல் மெக்ஸிகோவில் பதினாயிரம் பேருக்கு மேல் டைபாய்டு பரவியது. அந்தக் கிருமிக்குக் குளோராம்பெனிகால் பொருட்டாக இல்லை. அதே ஆண்டில் நமக்கு அண்டையிலுள்ள கோழிக்கோட்டிலும் அத்தகைய கிருமி தலைகாட்டிற்று. அங்குள்ள மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஜெயராம் பணிக்கரும் அவருடன் ஆராய்ந்த விமலாவும் அதை ஆராய்ந்து, மருந்தை எதிர்க்கும் திறன் ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறக் கூடியது என்று உலகுக்கு அறிவித்தார்கள்.

இந்தக் கைமாறுதலை நெசவாளர்களுக்கு விளக்குவது எளிது. ஜக்கார்டுப் பெட்டியில் ஏறும் அட்டைக் கட்டை ஒரு தறியிலிருந்து கழற்றி அடுத்த தறியில் மாட்டினால், அந்தத் தறியிலும் அதே பூவும் அதே கரையும் விழும் அல்லவா? நெய்பவர் புதிதாக ஒன்றும் கற்க வேண்டியதில்லை. அட்டை வந்தால் போதும். கிருமிகளுக்கும் அத்தகைய அட்டைக் கட்டு உண்டு. பிளாஸ்மிடு என்று அதற்குப் பெயர். மரபுப் பொருளால் ஆன ஒரு சிறு வளையம். எந்த மருந்தை எப்படிச் செயலிழக்கச் செய்வது என்ற குறிப்பு அதில் இருக்கும். கிருமிகள் அதைத் தங்கள் இனத்தாருக்கு மட்டுமன்றி வேற்றினத்துக் கிருமிகளுக்கும் கொடுக்கும். அட்டையின் துணையின்றித் தற்செயலாகத் தன் மரபெழுத்தில் ஓர் எழுத்து மாறிப்போவதாலும் கிருமி மருந்துக்குத் தப்புவதுண்டு. எந்த வழியில் தப்பினாலும், மருந்து வந்து மற்றவற்றையெல்லாம் கொன்றபின் தப்பியது மட்டும் தனியரசு செலுத்துகிறது.

1980க்களின் இறுதியில் குளோராம்பெனிகால், ஆம்பிசிலின், கோட்ரைமாக்ஸசோல் ஆகிய மூன்றுக்குமே அடங்காத டைபாய்டு ஆசியாவில் பெருகிற்று. வைத்தியர்கள் சிப்ரோபிளாக்ஸசின் வகைக்கு மாறினார்கள். சில ஆண்டுகளிலேயே அதுவும் மழுங்கத் தொடங்கியது; இன்று இந்தியாவில் கிடைக்கும் டைபாய்டுக் கிருமிகளில் மிகப் பெரும்பாலானவை அதற்குச் சரிவரக் கட்டுப்படுவதில்லை. அதன்பின் செப்ட்ரியாக்ஸோன் என்ற ஊசி முன்னுக்கு வந்தது. சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில் தோற்றது இந்த ஊசிதான்.

தோற்றது எப்படி? இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருகிலுள்ள வெல்கம் சேங்கர் ஆராய்ச்சி நிலையத்தார் கராச்சி வைத்தியர்களுடன் சேர்ந்து அக்கிருமியின் மரபெழுத்து முழுவதையும் படித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். ஆசியாவில் ஏற்கெனவே பரவியிருந்த ஒரு பழைய குலத்தைச் சேர்ந்தது அக்கிருமி. மூன்று பழைய மருந்துகளை எதிர்க்கும் திறன் அதன் உடலிலேயே பதிந்திருந்தது. அத்துடன் புதிதாக ஓர் அட்டைக் கட்டும் அதன் கைக்கு வந்திருந்தது. நம் குடலில் சாதாரணமாகக் குடியிருக்கும் ஈ. கோலை என்ற கிருமியிடமிருந்து அது வந்திருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதினார்கள். குடியிருப்பவனிடம் இருந்த ஆயுதத்தை வழிப்போக்கன் வாங்கிக்கொண்டு போன கதை இது. குடியிருப்பவனுக்கு அந்த ஆயுதம் ஏன் தேவைப்பட்டது? வேண்டிய நோய்க்கும் வேண்டாத நோய்க்கும் நாம் விழுங்கிய மருந்துகளுக்கு எதிரே பிழைத்துக்கொள்ளத்தான்.

அந்நகரத்தில் நோய் கண்ட வீடுகளை ஒரு வரைபடத்தில் குறித்தார்கள். கழிவுநீர்க் குழாய்கள் செல்லும் வழியையும் அதன்மேல் வரைந்தார்கள். இரண்டும் பொருந்தின. கசியும் சாக்கடைக் குழாயை ஒட்டியே குடிநீர்க் குழாயும் சென்றால் என்ன நேரும் என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. குழாயில் நீர் விட்டு விட்டு வரும் ஊர்களில், நீர் நின்ற வேளையில் குழாய் வெறுமையாகி, சுற்றியுள்ள அழுக்கு நீரைத் தன் விரிசல் வழியே உறிஞ்சிக்கொள்கிறது. மறுபடி நீர் வரும்போது முதற்குடத்தில் அது வீட்டுக்கு வந்து சேர்கிறது.

பழுதான குழாய்களை மாற்றப் பல ஆண்டுகள் ஆகும். குழந்தைகள் அதுவரை காத்திருக்க முடியாது. ஆகவே 2018இல் அந்நகரத்தில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குப் புதுவகைத் தடுப்பூசி போட்டார்கள். கிருமியின் மேலுறையிலுள்ள சர்க்கரைப் பொருளை ஒரு புரதத்துடன் பிணைத்துச் செய்த ஊசி அது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கும் பயன் தருவது. அந்த ஊசி செய்யப்பட்ட ஊர் எது தெரியுமா? நம் தெலுங்கானத்து ஹைதராபாத்! அங்குள்ள பாரத் பயோடெக் தொழிற்சாலையில் செய்த மருந்து, எல்லையைக் கடந்து மற்றொரு ஹைதராபாத்தின் குழந்தைகளைக் காத்தது. இரு நாட்டு அரசாங்கங்களும் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டிருந்த காலம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பின்னர் நடந்த ஆராய்ச்சியில், அடங்காத வகை டைபாய்டுக்கு எதிராக அந்த ஊசி நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் காத்ததாகத் தெரிந்தது. 2019 நவம்பரில் பாகிஸ்தான் அதைச் சிந்து மாகாணத்து நகரப் பகுதிகளுக்கு விரிவாக்கி, தன் வழக்கமான தடுப்பூசித் திட்டத்திலும் சேர்த்தது. உலகில் அவ்வாறு செய்த முதல் நாடு அதுவே. நம் நாட்டில் நவி மும்பை மாநகராட்சி 2018இல் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இதே ஊசியைப் போட்டது.

ஆனால் ஊசி போட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வராமல் தடுக்கலாமே அன்றி, குழாயின் விரிசலை ஊசி அடைக்காது. கிருமியும் சும்மா இருக்கவில்லை. வங்காளதேசத்து ஆராய்ச்சியாளர்கள் 2019இல் வெளியிட்ட முடிவு ஒன்று கவலை தருவது. மிஞ்சிய ஒரே மாத்திரையாகிய அசித்ரோமைசினுக்கும் அடங்காத கிருமிகள் சிலவற்றை அவர்கள் கண்டார்கள். கிருமி தன் உடலுக்குள் வந்த நஞ்சை வெளியே இறைத்துக் கொட்டுவதற்கு ஒரு சிறு பம்பு வைத்திருக்கிறது. அந்தப் பம்பில் ஒரே ஓர் இடத்தில் ஏற்பட்ட மாறுதல், அசித்ரோமைசினையும் இறைத்துத் தள்ளும்படி செய்துவிட்டது. இதற்கு அட்டைக் கட்டுகூட வேண்டியிருக்கவில்லை.

இங்கே மருந்துக் கடைக்கு வருவோம். மாலை வேளையில் எந்த ஊர்க் கடையின் முன்னும் ஐந்து நிமிஷம் நின்றால், “காய்ச்சலுக்கு மூன்று மாத்திரை கொடுங்கள்” என்று ஒருவர் கேட்பதைக் காணலாம். வைத்தியர் சீட்டு இராது. கொடுப்பது பல வேளை அந்த அசித்ரோமைசினாகவே இருக்கும். காய்ச்சல்களில் பெரும்பாலானவை வைரஸால் வருவன. அவற்றுக்கு இம்மருந்து ஒன்றும் செய்யாது. நாலாம் நாள் காய்ச்சல் தானே விடும். மாத்திரைக்குப் பேர் கிடைக்கும். குடலிலுள்ள கிருமிகளுக்கோ ஒரு பாடம் கிடைக்கும். கூலி வேலைக்குப் போக வேண்டியவர் வைத்தியரிடம் அரை நாள் காத்திருக்க முடியாமல் கடைக்குப் போகிறார் என்பதை நான் அறிவேன். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. சீட்டின்றிக் கொடுப்பவரைச் சொல்ல வேண்டும்.

மற்றொரு கோளாறு பரிசோதனையில் இருக்கிறது. பல ஊர்களில் டைபாய்டு என்று முடிவு செய்வது விடால் சோதனையைக் கொண்டு. பிரெஞ்சு வைத்தியர் ஒருவர் 1896இல் வகுத்த முறை. மலிவானது, சில மணி நேரத்தில் விடை தருவது. ஆனால் முன்னொரு காலத்தில் டைபாய்டு வந்துபோனவருக்கும், வேறு காய்ச்சல் கண்டவருக்கும் கூட அது ‘உண்டு’ என்று சொல்லிவிடும். ஒரே நாளில் ஒரே சோதனையை நம்பி மருந்து தின்பது சரியன்று. இரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்ப்பதே நம்பத் தக்க முறை. அதுவும் பத்து நோயாளிகளில் ஆறு பேரளவில்தான் கண்டுபிடிக்கும். ஆனால் எந்த மருந்துக்கு அக்கிருமி சாகும் என்று சொல்வது அந்த ஒரு சோதனைதான். மருந்து தொடங்குமுன்பே இரத்தம் எடுக்க வேண்டும் என்பதை மறக்கலாகாது. இரண்டு மாத்திரை உள்ளே போனபின் எடுத்தால் கிருமி வளராமல் ஏமாற்றிவிடும்.

நம் நாட்டில் இந்நோய் எவ்வளவு? இதை அறிய 2017 முதல் 2020 வரை ஓர் ஆராய்ச்சி நடந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் முன்னின்று, வேலூர், டில்லி, கல்கத்தா ஆகிய நகரப் பகுதிகளிலும் புணேயை அடுத்த கிராமப் பகுதியிலுமாக 24,062 குழந்தைகளை வாரந்தோறும் விசாரித்து வந்தார்கள். நகரப் பகுதிகளில் ஆண்டுக்கு ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 576 முதல் 1,173 வரை டைபாய்டு கண்டது. புணே கிராமங்களிலோ 35தான். நெருக்கமான தெருவும், கலப்படமான குழாய் நீரும் செய்யும் வேறுபாடு இதிலிருந்து விளங்கும். ஒரு நற்செய்தியும் உண்டு. குளோராம்பெனிகாலை வைத்தியர்கள் பல ஆண்டுகள் கைவிட்டிருந்ததால், அதற்குக் கட்டுப்படும் டைபாய்டுக் கிருமிகள் இந்தியாவில் மீண்டும் பெரும்பான்மையாகி இருக்கின்றன. பயன்படுத்தாமல் விட்ட ஆயுதத்தைக் கிருமி சுமப்பதில்லை போலும்.

விவசாய அங்கத்தினர்கள் கேட்க வேண்டிய கதை ஒன்று தென் அமெரிக்காவிலுள்ள சிலி நாட்டில் நடந்தது. அதன் தலைநகரான சாந்தியாகோவில் 1970க்களிலும் 1980க்களிலும் டைபாய்டு கடுமையாக இருந்தது. அதிகாரிகளுக்குப் புதிர். நகரத்தில் அநேகமாக எல்லா வீடுகளுக்கும் சுத்திகரித்த குழாய் நீர் உண்டு. வைத்தியமும் உண்டு, மருந்தும் கேட்டது. ஆயினும் ஆண்டுதோறும் கோடைகாலத்தில் நோய் ஏறிற்று. குழாய் நீர் சுத்தம் என்றால் நோய் எந்த வழியாக வருகிறது?

வழி வயலில் இருந்தது. நகரத்தின் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் மாப்போச்சோ ஆற்றிலும் வாய்க்கால்களிலும் விழுந்தது. கோடையில் மழை இல்லாத நாடு அது. நகரை ஒட்டிய தோட்டக்காரர்கள் அந்நீரைக் கொண்டே கீரையும் கோசும் சாலட் இலைகளும் பயிரிட்டார்கள். உரச் சத்துள்ள நீர், பயிர் செழித்தது. நம் ஊர்க் குடியானவராக இருந்தாலும், வாசலில் வரும் நீரை வேண்டாம் என்று சொல்லியிருப்பாரா? அந்தக் காய்கறிகளை நகரத்தார் பச்சையாகத் தின்றார்கள். ஆராய்ச்சியாளர்கள் பாசன வாய்க்காலில் தேடிப்பார்த்தபோது டைபாய்டுக் கிருமி உயிரோடு அகப்பட்டது.

உண்மை தெரிந்தபின்பும் சில ஆண்டுகள் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பிறகு 1991 ஜனவரியில் அண்டை நாடான பெருவில் காலரா புகுந்தது. ஏப்ரலில் சிலியை எட்டிற்று. அச்சம் வந்ததும் அரசாங்கம் விழித்துக்கொண்டது. பச்சையாகத் தின்னும் காய்கறிகளுக்குக் கழிவுநீர் பாய்ச்சலாகாது என்ற தடையைக் கடுமையாக நடத்தியது. சிற்றுண்டிச் சாலைகளில் பச்சைக் காய்கறி பரிமாறுவதையும் கட்டுப்படுத்தியது. காலரா சிலியில் பெரிதாகப் பரவாமல் நின்றது. அத்துடன், எவரும் குறி வைக்காத டைபாய்டும் சரசரவென்று இறங்கி, பின்னர் ஏறவே இல்லை. தோட்டக்காரர்களுக்கு அந்த ஆண்டு எளிதாக இருந்திராது; நகரத்தார் செய்த அழுக்குக்கு அவர்கள் பயிரைக் கொடுத்தார்கள். நகரத்தின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பெரிய நிலையங்கள் 2000க்குப் பின்னரே எழுந்தன. நியாயப்படி அவை முதலில் எழுந்திருக்க வேண்டும்.

சாந்தியாகோ வாய்க்காலில் கிருமியைப் பிடிக்கப் பயன்பட்ட கருவியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் நெசவாளர்களுக்கு அது சுவையாக இருக்கும். 1940க்களில் இங்கிலாந்தில் மூர் என்ற ஆராய்ச்சியாளர் கண்ட உபாயம் அது. புண்ணுக்குக் கட்டும் சல்லடைத் துணியைப் பல மடிப்பாக மடித்து, கயிற்றில் கட்டி, சாக்கடை நீரில் சில நாள் தொங்கவிடுவது. ஓடும் நீரிலுள்ள கிருமி அந்த நூல் இழைகளில் சிக்கிக்கொள்ளும். பிறகு துணியை எடுத்துச் சோதனைச்சாலையில் பிழிந்து வளர்த்துப் பார்ப்பார்கள். ஒவ்வொரு கிளைச் சாக்கடையாகப் பின்னோக்கித் தொங்கவிட்டுச் சென்று, ஒரு குறிப்பிட்ட வீட்டில் இருந்த நோய் சுமப்பவரைக்கூட மூர் கண்டுபிடித்தார். இத்தனை நவீனக் கருவிகள் வந்தபின்பும் அம்முறை கைவிடப்படவில்லை. வேலூரில் அண்மை ஆண்டுகளில் சாக்கடை நீரில் டைபாய்டுக் கிருமியின் தடயத்தைத் தேடியவர்களும், மற்ற முறைகளுடன் அந்தத் துணியையும் தொங்கவிட்டுப் பார்த்தார்கள்.